ஜெர்மனியில் நர்ஸ் வேலை: அந்த விசாவில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 25. நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வில் தேறி, அங்கே ஒரு மருத்துவமனையின் வேலை ஒப்பந்தமும் கைக்கு வந்துவிட்டது. கேள்வி இரண்டே வரி. ஜெர்மனி விசாவில் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாமா, நர்ஸ் சம்பளத்தில் அது கட்டுப்படியாகுமா? ஆனால் அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறார். அப்பா மீன்பிடி வல்லத்துக்கும் இன்ஜினுக்கும் வாங்கிய கடன் 4 லட்சம் நிற்கிறதாம். குடும்பத்துக்காக வேலைக்குப் போகிறவள் ஊர் சுற்றுவதைப் பற்றி யோசிப்பதே தப்போ என்று தோன்றுகிறதாம். அம்மாவிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். விசா விவரத்தை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இப்படி ஆசைப்படலாமா என்பதுதான் இவர் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பாம்பன்காரி. 2015-இல் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃப்ரைபுர்க் நகரத்துக்கு நர்ஸாகப் போனேன். 2024 கடைசியில் ஊர் திரும்பினேன். இப்போது ராமநாதபுரத்தில் நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஜெர்மனி வாழ்க்கை. போலந்துக்கோ இத்தாலிக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும். எது சட்டம், எது என் அனுபவம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தொகைகள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும், போகிற நேரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். ஒரே விசாவில் நாடு விட்டு நாடு போய்வர ஐரோப்பிய நாடுகள் போட்டுக்கொண்ட ஷெங்கன் ஒப்பந்தத்தில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. குரோஷியா 2023-இல் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக உள்ளே வந்துவிட்டன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. ஜெர்மனி உங்களுக்குக் கொடுக்கும் நீண்டகால விசாவையோ, போன பிறகு கிடைக்கும் ரெசிடென்ஸ் கார்டையோ வைத்துக்கொண்டு மற்ற 28 நாடுகளுக்கும் தனி விசா இல்லாமல் போகலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அந்த 28 நாடுகளிலும் சேர்த்து 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது, அவ்வளவுதான். ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் வராது. வேலைக்குப் போகிற ஆளுக்கு 90 நாள் லீவு எங்கே கிடைக்கப்போகிறது, அதனால் இந்த வரம்பை நீங்கள் தொடக்கூட மாட்டீர்கள். ஆனால் அங்கெல்லாம் சுற்றிப் பார்க்க மட்டும்தான் அனுமதி. பாரிஸில் சொந்தக்காரர் கடையில் இரண்டு நாள் நின்று கொடுத்தாலும் அது சட்டப்படி வேலை. யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இந்தக் கார்டு உதவாது. இரண்டுக்கும் தனித்தனி விசா வேண்டும். பஸ்ஸில் பால்கன் பக்கம் போகிறவர்கள் வழித்தடத்தையும் பார்க்க வேண்டும். சேர வேண்டிய ஊர் ஷெங்கனுக்குள் இருந்தாலும் பஸ் நடுவில் போஸ்னியாவுக்குள்ளோ செர்பியாவுக்குள்ளோ புகுந்து வரலாம். அந்த நாடுகளின் நுழைவு விதி வேறு.

இதுவரை சொன்னதில் எனக்குத் துளி சந்தேகமும் கிடையாது. இனி சொல்வது, சட்டத்தைத் தெரிந்துவைத்திருந்தும் நான் மாட்டிக்கொண்டது.

நம் கடலில் ஒரு கோடு இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்களில் வந்த எல்லைக் கோடு. தண்ணீரில் அது எங்கே இருக்கிறது என்று யார் கண்ணுக்கும் தெரியாது, தாண்டிவிட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். என் சித்தப்பா ஒருவர் அப்படி ஐந்து மாதம் சிறையில் இருந்து வந்தவர். பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் நம் ஊர்க்காரர்கள் அந்தக் கோட்டைத் தாண்டுவது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும்தான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, ஜெர்மனியின் கேல் நகரத்தில் டிராம் ஏறி, ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் இறங்கினால் மனசு என்னமோ பண்ணும். அந்த டிராம் பாதை 2017-இல் திறந்தது. ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். நான் பாலத்திலேயே அழுதுவிட்டேன்.

ஆனால் கோடு கண்ணுக்குத் தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. இதை நான் அதற்கு முந்தின வருஷமே ஒரு ரயிலில் படித்திருந்தேன். சுவிட்சர்லாந்தின் பாசலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முக்கால் மணி நேரப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டையும் கார்டையும் அறையிலேயே வைத்துவிட்டேன், போனில் படம் இருந்தது. திரும்பி வரும்போது போலீஸ் பெட்டிக்குள் ஏறினார்கள். படம் செல்லாது என்றார்கள். அடுத்த ஸ்டேஷனில் இறக்கி, கைரேகை எடுத்து, நான் யார் என்று உறுதி செய்து அனுப்ப மூன்று மணி நேரம் ஆனது. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், தப்பு என்னுடையது. அன்று நைட் டியூட்டிக்குப் பிந்திப் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. பெட்டி முழுவதும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்க நம்மிடம் மட்டும் கேட்பார்கள். வலிக்கும், பழகவும் பழகாது. எனவே டிராமில் பக்கத்து ஊருக்குப் போனாலும் பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு இரண்டின் அசலும் உடம்போடு இருக்க வேண்டும். கார்டு மட்டும் இருந்தால் போதாது, பாஸ்போர்ட்டோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு.

சில மலிவு விமான நிறுவனங்கள் ஐரோப்பியர் அல்லாதவர்களின் ஆவணங்களைக் கவுன்டரில் முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. போர்டிங் பாஸ் போனில் இருக்கிறதே என்று நேராக உள்ளே போய், கேட்டில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்டு. 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய கைரேகை, முகப் பதிவு முறை சுற்றுலா போலக் குறுகிய காலம் வந்துபோகிறவர்களுக்கானது. ரெசிடென்ஸ் கார்டு இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

பாஸ்போர்ட் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 2018-இல் என் பாஸ்போர்ட்டின் பத்து வருஷம் முடிய இருந்தது. வேலை, தேர்வு என்று கடைசி மாதம் வரை விட்டுவிட்டு அப்புறம்தான் புதுப்பிக்கக் கொடுத்தேன். அது கையில் இல்லாத அந்த மூன்று வாரத்தில்தான் அப்பத்தா இறந்துபோனது. என்னை வளர்த்தது அப்பத்தாதான். அடக்கத்தைப் போனில் பார்த்தேன். இந்திய பாஸ்போர்ட்டை முடிகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்கலாம். ஜெர்மனியில் பெர்லினில் தூதரகம் இருக்கிறது, ஃபிராங்க்ஃபுர்ட், மியூனிக், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. ஒரு வருஷம் இருக்கும்போதே செய்துவிடுங்கள். தெரியாத ஊர்களைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த ராத்திரியும் கிளம்பிப் பாம்பனுக்கு வரும் வழி உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.

சரி, பணம். முதல் வருஷம் உங்களுக்கு முழு நர்ஸ் சம்பளம் வராது. படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்கும் வரை ஹெல்ப்பர் என்கிற பெயரில்தான் வேலை. அறிவுத் தேர்வு எழுதியோ, அங்கத்திய முறைக்குப் பழக்கும் தழுவல் பயிற்சி முடித்தோ அங்கீகாரம் வாங்கிய பிறகுதான் சம்பளம் ஏறும். தனி ஆளுக்கு வரி, இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் போகச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் தொகையை அப்படியே 100 ரூபாயால் பெருக்கி அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். பல வீடுகளில் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் வகுப்பில் போட்டுக் காட்டும் கணக்கு இது. கைக்கு 2,000 யூரோ வருகிறது என்று வையுங்கள். மருத்துவமனை விடுதியில் அறை கிடைத்தால் வாடகை 500-க்குள் முடியும். சமைத்துச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்கு 220. ஊர்ப் பயண டிக்கெட் 63. போன், வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய வானொலிக் கட்டணமான 18.36 எல்லாம் சேர்த்து ஒரு 60. துணிமணி, சின்னச் சின்னச் செலவு 150. எல்லாம் போக ஆயிரம் யூரோ நிற்கும். அதில் 600-ஐ வீட்டுக்கு அனுப்பினால் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 60,000 ரூபாய். நீங்கள் சொன்ன 4 லட்சம் வட்டியோடு சேர்த்து ஒரு வருஷத்துக்குள் அடைந்துவிடும். மீதி 400 இருக்கிறது. முதலில் அதை ஊருக்கு வரும் டிக்கெட் பணமாக 1,000 யூரோ சேரும் வரை தனிக் கணக்கில் போடுங்கள், அதைத் தொடவே கூடாது. தனி வீடு எடுப்பதாக இருந்தால் மூன்று மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்க அங்கே சட்டம் இடம் தருகிறது, அதற்கும் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு மாதம் 150 யூரோ பயணத்துக்கு என்று ஒதுக்கினால் அது யார் வாயிலிருந்தும் பிடுங்கியது ஆகாது. கணக்கு போட்டுப் பார்க்காமல் மனசுக்குள்ளேயே குற்ற உணர்ச்சியோடு உழன்றதில் நான் மூன்று வருஷத்தைத் தொலைத்தேன். பணம் இருந்தது, லீவு இருந்தது, அறையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆறு மாதம் மட்டும் தூரப் பயணம் வேண்டாம் என்பது என் கருத்து. இதை மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வதற்குக் காரணம் தேர்வு. அங்கீகாரம் தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் சில நூறு யூரோ நஷ்டம். வார்டில் பேசுகிற ஜெர்மன் நாம் வகுப்பில் படித்த ஜெர்மன் மாதிரி இருக்காது. அந்த ஆறு மாதம் இருக்கிற ஊரையே சுற்றுங்கள். சந்தைக்குப் போங்கள், பேக்கரிக்காரம்மாவிடம் நாலு வார்த்தை பேசுங்கள், சர்ச்சில் பாடகர் குழுவில் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ரயில்வே ஸ்டேஷன் கடைகள் மாதிரி சிலதுதான் திறந்திருக்கும். அதனால் அரிசி, பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். இந்தப் பாடங்களெல்லாம் அங்கே போய்த்தான் படிய வேண்டும்.

அந்த 63 யூரோ டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள். 2025-இல் 58 ஆகி, 2026-இல் 63 ஆகியிருக்கிறது. மாதம் முழுவதும் ஜெர்மனியில் எந்த ஊரிலும் டிராம், சிட்டி பஸ், மெதுவாகப் போகும் ரயில்கள் எல்லாவற்றிலும் ஏறலாம். வேக ரயிலில் செல்லாது. வேலைக்குப் போய்வர எப்படியும் வாங்கப்போகிறீர்கள், அதே டிக்கெட்டில் லீவு நாளில் ஆறு மணி நேரம் ரயில் மாறி மாறிப் போகலாம். எல்லை தாண்டிச் சில ஊர்கள் வரையும் செல்லும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் அப்படி ஒன்று, பாசலில் ஜெர்மன் ரயில் நிலையம் வரைக்கும் உண்டு. ஒருமுறை எடுத்தால் தானாகவே மாதாமாதம் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். ஊருக்கு ஒரு மாதம் வந்து போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லீவு விஷயத்தில் நர்ஸ் வேலைக்கு ஒரு வசதி இருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள் லீவு, பொதுத்துறை மருத்துவமனைகளில் 30 நாள். அது போக, தொடர்ந்து சில நைட் டியூட்டி முடித்தால் மூன்று நாலு நாள் ஓய்வு விழும். ஒரு நாள் தூங்கிவிட்டு அடுத்த நாள் காலை கிளம்பினால் லீவே எடுக்காமல் ஒரு பயணம் முடியும். டியூட்டி முடித்த அன்றே மட்டும் கிளம்பாதீர்கள். நான் அப்படிப் போய் ஸ்டேஷன் பெஞ்சில் தூங்கி, பையைப் பறிகொடுத்தேன். அடுத்த வருஷத்து லீவுத் தாள் பல வார்டுகளில் இலையுதிர் காலத்திலேயே சுற்றுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்டை விட்டுக்கொடுங்கள். மே மாதமும் செப்டம்பரும் உங்களுக்குக் கிடைக்கும். விலையும் குறைவு, வெயிலும் இதம், வார்டிலும் நல்ல பேர்.

வயது 25 என்பதால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்டர்ரெயில் என்று ஒரு பாஸ் 1972-லிருந்து இருக்கிறது. ஒரே பாஸில் பல நாட்டு ரயில்களில் போகலாம். ஐரோப்பாவில் குடியிருந்தால் போதும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் வாங்கலாம். 27 வயது வரை இளைஞர் கட்டணம், உங்களுக்கு அந்தச் சலுகை இன்னும் கொஞ்ச காலம்தான். குடியிருக்கும் நாட்டுக்குள் போக ஒருமுறை, வர ஒருமுறைதான் செல்லும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வேக ரயில்களில் சீட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ரொம்பப் பேர் அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காமல் போய் முழிக்கிறார்கள்.

எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஈபிள் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்த நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவில் நிற்கிற ஊர்கள் எல்லாம் நம் கரையோடு ஏதோ ஒரு விதத்தில் சம்பந்தப்பட்டவை.

என் தாத்தா போட் மெயில் கதை சொல்வார். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், கொழும்பு. 1964 டிசம்பர் புயலோடு அது போய்விட்டது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் சிசிலித் தீவுக்கு ரயிலில் போனேன். இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜொவான்னி என்கிற ஊரில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளத்தில் தள்ளி ஏற்றுகிறார்கள். நாம் பெட்டியிலிருந்து இறங்கி மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். மெசினா ஜலசந்தி குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் மறுபடி பெட்டிகளைக் கோத்துக்கொண்டு ரயில் கிளம்புகிறது. கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தாத்தா கூட நிற்கிற மாதிரி இருந்தது. அப்புறம் கட்டானியா மீன் சந்தை. காலை நேரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் பாம்பன் ஏலம்தான், மொழி மட்டும் வேறே.

இன்னொன்று ஸ்பெயினின் சந்தியாகோ. நம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோவில் உங்கள் ஊர்க்கோடியில்தானே இருக்கிறது. அதே சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஊர் அது, பெயரே அவர் பெயர்தான். ஜூலை 25 அங்கேயும் பெரிய திருநாள். பல நூறு வருஷமாக ஐரோப்பா முழுவதிலிருந்தும் அங்கே நடந்து போகிறார்கள். கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்தால் சான்றிதழ் தருகிறார்கள், அதனால் சாரியா என்கிற ஊரிலிருந்து நிறையப் பேர் தொடங்குவார்கள். நான் ஆறு நாள் நடந்தேன். வழியில் யாத்திரிகர் விடுதிகள் உண்டு, பொது விடுதியில் படுக்கைக்கு 10 யூரோவை ஒட்டித்தான் கேட்டார்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு முதல் பயணமாக நான் இதைத்தான் சொல்வேன். அம்மாவிடம் சொல்வதற்கும் இதைவிட நல்ல ஊர் கிடையாது. சந்தியாகப்பர் கோவிலுக்கு நடந்து போகிறேன் என்று சொன்னால் எந்தத் தங்கச்சிமடத்து அம்மா வேண்டாம் என்பார்? ஓரியூரில் ரத்தம் சிந்திய அருளானந்தர் 1647-இல் பிறந்தது லிஸ்பனில். அங்கேயும் ஒருநாள் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன்.

பாரிஸுக்குப் போனால் லா சப்பெல் பக்கம் போய்விட்டு வாருங்கள். வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். தெரு முழுவதும் ஈழத்தமிழர் கடைகள். அரிசிமா, கருவேப்பிலை, முருங்கைக்காய், சூடான வடை எல்லாம் கிடைக்கும். மண்டபம் அகதிகள் முகாமில் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஒரு அம்மா இருந்தார், அவர் அக்கா அங்கே இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். போனால் என்னை ராத்திரி விடுதிக்குப் போகவே விடவில்லை, பாய் விரித்துச் சோறு போட்டார். “நீங்கள் மண்டபமோ? நாங்கள் அந்தக் கரையிலதான் வந்து இறங்கினாங்கள்” என்றார். அன்று ராத்திரி அவர் பேசியதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. ஜெர்மனியிலேயே ஹாம் நகரத்தில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது. வருஷத் தேருக்குப் போனால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தமிழ் முகங்களைப் பார்க்கலாம். அங்கே இதெல்லாம் மருந்து மாதிரி. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும். வெயிலிலேயே வளர்ந்த நமக்கு அந்த இருட்டு உடம்பில் இறங்கும். இரண்டாவது குளிர்காலத்தில் நான் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. உங்களுக்கும் அப்படி வரும் என்று சொல்லவில்லை. வந்தால் வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தனியாக 14 நாடுகளுக்குப் போயிருக்கிறேன். கைவைத்துத் துன்புறுத்தியது எங்கும் நடக்கவில்லை. என் அனுபவம் இது, எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியாது. பாரிஸ் மெட்ரோ, பார்சிலோனா, ரோம் ஸ்டேஷன் மூன்றிலும் பிக்பாக்கெட் அதிகம். பாஸ்போர்ட்டையும் கார்டையும் சட்டைக்குள் போட்டுக்கொள்ளும் பையில் வையுங்கள். விடுதிகளில் பெண்களுக்கு மட்டுமான அறை கேட்டால் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரியாத ஊரில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள், இருபது யூரோ கூட ஆனாலும் பகல் வண்டிதான் நல்லது. அவசரத்துக்கு எல்லா நாட்டிலும் 112.

உடம்புக்கு வந்தால் என்ன செய்வது? ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கமே ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை. ஒன்றிய நாடுகளில் அதைக் காட்டினால் வைத்தியம் பார்ப்பார்கள். ஆனால் நம்மைப் போல ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு டென்மார்க், நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற இடங்களில் அது செல்லாது. கூட வேலை செய்யும் ஜெர்மன்காரர்களுக்கு இது தெரியாது, ‘எல்லா இடத்திலும் செல்லும்’ என்று அன்பாகத் தப்பாகச் சொல்வார்கள். வருஷம் முழுவதுக்குமான பயணக் காப்பீடு தனியாக எடுத்துவிடுங்கள், பெரிய செலவில்லை. போன் டேட்டாவும் சுவிட்சர்லாந்தில் இதே கதைதான். 2017-லிருந்து ஒன்றிய நாடுகளில் ரோமிங் கட்டணம் கிடையாது, சுவிட்சர்லாந்து அதில் சேராது. எல்லை ஊரில் போன் தானாகவே அந்தப் பக்கத்து டவருக்கு மாறிவிடும்.

ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட்டில் 25 சதவீதம், இரண்டு மணிக்கு மேல் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். விமானம் மூன்று மணிக்கு மேல் தாமதமாகி, தப்பு நிறுவனத்துடையது என்றால், 1,500 கிலோமீட்டருக்குள்ளான பயணத்துக்கு 250 யூரோ. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று சட்டம் பார்க்காது. நம் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். நான் ஒருமுறை கேட்டு வாங்கினேன், போன பயணத்தின் செலவே அதில் அடைந்தது.

போகும்போது என்ன கட்டிக்கொண்டு போகலாம் என்று அடுத்து கேட்பீர்கள், முந்திச் சொல்லிவிடுகிறேன். பால், இறைச்சி கலந்தது எதுவும் ஆகாது, அம்மா செய்த பால்கோவாவும் நெய்யும் ஏர்போர்ட்டில் குப்பைக்குப் போகும். கருவேப்பிலைக் கொத்துக்குச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கு வேண்டாம். மீனுக்கு மட்டும் தாராளம், கருவாடு உட்பட ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம். நெத்திலிக் கருவாட்டை மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். விடுதியில் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து, பக்கத்து அறைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் வறுத்து, தீயணைப்பு வண்டி வரும் அளவுக்குப் போனது.

கடைசியாக அம்மா. நானும் முதல் இரண்டு பயணத்தை வீட்டில் சொல்லாமல்தான் போனேன். அது நல்லா இல்லை. பொய் சொல்லிவிட்டுப் பார்க்கிற ஊர் கண்ணில் ஒட்டாது. மூன்றாவது முறை கணக்கைச் சொன்னேன். வீட்டுக்கு இவ்வளவு அனுப்பிவிட்டேன், கடனில் இவ்வளவு போய்விட்டது, எனக்கென்று எடுத்து வைத்தது இவ்வளவு, அதில் போகிறேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “தனியாவா போற? அந்த ஊர்ல என்ன மீனு கெடைக்கும்?” என்று கேட்டது. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மீன் கடைக்குப் போய் வீடியோ கால் போடுவது வழக்கமாகிவிட்டது. சந்தியாகோ சந்தையில் பேய்க்கணவாயை வேகவைத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, மிளகாய்த்தூள் தூவி விற்றார்கள். நம் கரையில் அது பெரும்பாலும் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகிற சரக்கு. விலையைக் கேட்டுவிட்டு அம்மா பக்கத்து வீட்டையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னது. என்னோடு ஒரு நாடும் பார்க்காத என் அம்மாவுக்கு இப்போது ஏழெட்டு நாட்டு மீன் விலை தெரியும்.

நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. மியூனிக் பக்கம் என்றால் ஒரு வழி, ஆகன் பக்கம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு நாடு, டிரெஸ்டன் என்றால் பிராக் பக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், முதல் ஓய்வு நாளில் அந்த 63 யூரோ டிக்கெட்டில் எங்கே போய்வரலாம் என்று எழுதுகிறேன்.